வடிகட்டிய கோபம்

மார்ச் 4

சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய். அடுத்தவள் வயிற்றெரிச்சலுக்கு ஜிகினா ஒட்டி விற்றவளுக்கு என்ன குறை?

இன்றைக்குப் பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல் குடைந்து எடுத்தது. காத்திருக்கிற இடத்தில் உன் வாரப் பத்திரிகை கிடந்தது. எனக்கு என்று ஒரு பிரதி அனுப்ப உனக்கு இதுவரை மனசு வந்ததில்லை. அந்தக் கோபத்தைத் தனியாக வைத்திருக்கிறேன், மறக்கமாட்டேன். 'ஜன்னலோர இருக்கை' பக்கத்தைத் திருப்பினேன். 'அன்பால் எழுந்த கண்ணாடிச் சுவர்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் நான். அப்படிப் படித்தால் ஒரு எழுத்தும் தப்பாது, தெரியுமா? படித்து முடிக்கும்போது பல்வலி போன இடம் தெரியவில்லை. நர்ஸ் வந்து, "பாட்டி, உங்க முறை" என்றாள். "உங்க டாக்டர இன்னும் கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிட்டு இருக்கச் சொல்லும்மா" என்றேன்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பஸ் கிளம்பும் முன்னாலேயே உனக்கு வாந்தி வரும், சின்ன வயசிலிருந்தே. அதனால் நீ பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்தினாய். என் மகளுக்கு லிஃப்ட் பொருத்துகிற வேலை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த ஊர். பேத்தியும் நானும் பின்னாலேயே மூட்டை கட்டுவோம். போகிற ஊரில் நான் அறைக்குள் அடைந்து கிடப்பதில்லை. தெருத் தெருவாகப் போவேன், யார் வீட்டு வாசலிலும் நின்று இது என்ன, அது எதற்கு என்று கேட்பேன், பார்த்ததை உனக்கு எழுதுவேன். ஒரு தடவை பக்கம் காலியாக இருக்கிறதென்று என் கடிதத்தை நீ பார்த்த மாதிரி எழுதிப் போட்டாய். பிடித்துப்போனது, வாராவாரம் கேட்டார்கள். பேர் உனக்கு, கால் எனக்கு. சரி என்று நான்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இந்தச் சுவரைப் பற்றி நான் எழுதியது என்ன? அந்த அம்மா கட்டட வேலைக்குப் போகிறவள். புருஷன் குடித்துக் குடித்துச் செத்தான். ஊருக்குத் தெரியக்கூடாதென்று காலி பாட்டிலையெல்லாம் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பான். புதைத்துவிட்டு வந்து அவளை அடிப்பான். அவன் செத்ததும், எதிர்த்த வீட்டில் இருக்கும் அவன் தம்பிகள் இரண்டு பேரும், "எங்க அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்ல. இவ வாய்தான் அவரக் கொன்னுது" என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். அவள் கொல்லையைத் தோண்டினாள். வந்த பாட்டிலையெல்லாம் சிமெண்ட் குழைத்து அடுக்கித் தெருப் பக்கம் சுவர் எழுப்பினாள். பாட்டிலின் அடிப்பக்கம் அவள் அறைக்குள்ளே, வாய்ப்பக்கம் தம்பிகள் வீட்டைப் பார்த்து. "தினமும் கதவத் தொறந்தா அவங்க அண்ணன் வாய்ல அவங்க முழிக்கணும்" என்றாள் என்னிடம். சும்மா சொல்லிவிடவில்லை. முதலில் துரத்தினாள். நான் வெயிலில் உட்கார்ந்து, அவள் வாசலில் கிடந்த கரிச்சட்டியைத் தேய்த்துக் கொடுத்த பிறகு சொன்னாள்.

நீ எழுதியது என்ன? 'கணவரின் நினைவாக ஒவ்வொரு குப்பியையும் கண்ணீரால் கழுவி அடுக்கினார் அந்த அம்மையார். மாலை வெயிலில் அந்த அறை ஒரு வண்ணக் கனவு. நான் அங்கே கண்மூடி நின்றேன்.'

நீ நின்றாய்? தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டி நீ நின்றதுண்டா? அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாளாம். கண்ணை மூடுகிறவள் எதற்கடி ஊர் பார்க்கப் போகவேண்டும்? போதாததற்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, நீலக் கதவு, எல்லோரையும் புன்னகையோடு வரவேற்பார் என்று வழி வேறு சொல்லி வைத்திருக்கிறாய்.

அடுத்த வாரமே உண்மையைப் போடு. போனில் பேசமாட்டேன். போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்துக்கொள். டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாய் என்று தெரியும்.

நீ கோபப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று உண்மையாகவே புரியவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதர்கள் காலை நீட்டிப் படிக்கிற பக்கம். அவர்களுக்கு ஒரு புது ஊர் வேண்டும், கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல், ஒரு நல்ல மனுஷி. உன் கடிதங்களிலிருந்து நான் எப்போதும் கோபத்தை வடிகட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். இது உனக்குப் புதிதா? அந்தத் தொங்கு பாலத்தைப் பற்றி நீ எழுதியபோது, பாலத்துக்குப் பெயிண்ட் அடித்தவனின் பரம்பரையையே திட்டியிருந்தாய். அதை எடுத்தேன். பாலம் மிஞ்சியது. 'கண் முன்னே ஆடுகிறது' என்று எத்தனை பேர் எழுதினார்கள்!

இந்தச் சுவருக்கு வந்த கடிதங்களை நீ பார்க்கவேண்டும், அக்கா. பேசிக்கொள்ளாமல் இருந்த ஒரு தம்பதி இதைப் படித்துவிட்டுச் சேர்ந்து அழுதார்களாம். அதில் என்ன கெடுதல்?

இன்னொரு செய்தி. முதலில் இதைத்தான் சொல்ல நினைத்தேன், உன் கடிதம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். முதல் அத்தியாயம் கண்ணாடிச் சுவர். அட்டையில் என் படம் வரும். போன வாரம் வந்து எடுத்தார்கள், தோளில் ஒரு பயணப் பையை மாட்டிவிட்டு. உனக்கு ஒரு பிரதி முதல் ஆளாக அனுப்புவேன்.

அந்த அம்மாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். யாருமே திரும்பிப் பார்க்காத வீட்டை இன்று நாலு பேர் தேடி வருகிறார்கள்.

உன் தங்கை

மார்ச் 17

சுண்டெலிக்கு,

சந்தோஷமாக இருக்கிறாளா இல்லையா என்று நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இங்கிருந்து அந்த ஊர் ஒரு பஸ் தூரம். மகள் வேண்டாமென்றாள். "அம்மா, உனக்கு எதுக்கு ஊர்ச் சண்டை?" என்றாள். "ஊர்ச் சண்டை இல்லடி, இது என் சண்டை" என்று கிளம்பிவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் திரும்புகிறேன், தெருவில் கூட்டம். நீ சொன்ன நாலு பேர் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். சுவரில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். ஒரு பெண் பாட்டில் வாயில் விரலை விட்டுக்கொண்டு சிரிக்கிறாள். புதுசாகக் கல்யாணமான ஒருத்தன் பெண்டாட்டியிடம், "நான் செத்தா நீ எனக்கு இப்படிக் கட்டுவியா?" என்று கேட்கிறான். வாயில் வந்ததை முழுங்கினேன். முழுங்கிய இடம் இன்னும் எரிகிறது.

நடுவில் யார் தெரியுமா? அந்தத் தம்பிகள். தெருவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெரிய தம்பி எழுந்து நின்று சொல்கிறான்: "எங்க அண்ணி தங்கம். எங்க அண்ணன் வாசனை எண்ணெய் வாங்கி வந்த பாட்டிலுங்க இதெல்லாம். கலர் கலரா சேத்து வெப்பாரு. மனுஷனுக்கு அப்படி ஒரு ரசனை." வாசனை எண்ணெயாம்! சின்னவன் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். காய்ந்த கண்ணை எதற்குத் துடைக்கிறான் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டேன். "ஏம்ப்பா, எண்ணெய் பாட்டில்ல எதுக்கு நாலு தெரு நாறுச்சு?" என்றேன். "யாரு இந்தக் கிழவி?" என்றான். "உங்க அண்ணன் புதைச்சத தோண்டி எடுத்தவளுக்குத் தெரிஞ்சவ" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். பத்திரிகையில் வந்துவிட்டதே. பத்திரிகையில் வந்ததை ஒரு கிழவி பொய் என்றால் யார் நம்புவார்கள்?

நீலக் கதவைத் தட்டினேன். ஒரு விரல் இடம் திறந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் உனக்கு எழுதமாட்டேன், அதையும் அழகாக்கிவிடுவாய்.

"நீதானே?" என்றாள்.

"நான் எழுதல. என் தங்கச்சி..."

"உன்கிட்டதானே சொன்னேன். உன் தங்கச்சிகிட்டயா சொன்னேன்? சட்டி தேய்ச்சுக் கொடுத்தியே, அதுக்குக் கூலியா இது?"

சட்டி தேய்த்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.  

கதவுக்குப் பின்னால் கட்டடத்தில் இடிக்கிற சம்மட்டி சாய்த்து வைத்திருக்கிறது. நகராட்சியிலிருந்து வரப் போகிறார்களாம், இந்த மாசக் கடைசி ஞாயிறு. சுவரில் கல்வெட்டு பதிக்கிறார்களாம், அந்தப் புருஷன் பேர் போட்டு, 'அன்பின் நினைவுச் சுவர்' என்று. தம்பிகள் கேட்டு வாங்கியது. அவளும் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கவேண்டுமாம். "அவன் பேர அதுல வெச்சாங்கன்னா, வெக்கற முன்ன நானே இடிச்சிடுவேன்" என்றாள். "நான் பட்டதுக்கு இருக்கற சாட்சி இது ஒண்ணுதான். அத அவனுக்கே மாலையாக்கிப் போட்டீங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

நான் அவளுக்குக் கொடுத்த நம்பிக்கையை நீ அச்சடித்து விற்றிருக்கிறாய். அந்த ஞாயிறுக்கு முன்னால் உன் பக்கத்தில் உண்மை வரவேண்டும். 'அவன் குடித்தான், அடித்தான், அதற்காகத்தான் இந்தச் சுவர்' என்று வரவேண்டும். உன் வாயால்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

உண்மையை எழுது என்கிறாய். எந்த உண்மையை? அந்தச் சுவரைப் பற்றி ஒரு வரி மாற்றினால், 'அப்படியானால் நீங்கள் அங்கே பார்த்தது என்ன?' என்று கேட்பார்கள். நான் அங்கே போகவே இல்லை என்று வரும். அங்கே மட்டுமா? எங்குமே போகவில்லை என்று வரும். பக்கம் போகும், புத்தகம் போகும். பிழை திருத்துகிற நாற்காலிகூட மிஞ்சாது. எனக்கு வேறு என்ன இருக்கிறது, அக்கா? உனக்கு மகள், பேத்தி, ஊர் ஊராகச் சண்டை போட ஆட்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்தான் குடும்பம். ஆசிரியரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "வாசகர் கடிதம் பகுதியில் சின்னதாக ஒரு விளக்கம் போடலாம், இரண்டு மாதம் கழித்து" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ திட்டினாலும் பரவாயில்லை. உன் பழைய கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். முதல் பக்கம் முழுக்க, நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்ட கண்டக்டருக்குச் சாபம். கடைசிப் பக்கம், ஆறிய டீ கொடுத்த டீக்கடைக்காரருக்கு. நடுவில் அந்த அம்மா. கண்டக்டரையும் 'படுபாவி, நாசமாய்ப் போக' என்றிருக்கிறாய். அவளை அடித்த புருஷனையும் அதே 'படுபாவி, நாசமாய்ப் போக'. டீக்கடைக்காரருக்கும் அதுவே. டீ ஆறியதற்கும் ஒரு பெண் அடிபட்டதற்கும் உன்னிடம் ஒரே கோபம். நான் எப்படிப் பிரிப்பேன்? இத்தனை வருஷமாக வடிகட்டிப் பழகிவிட்டேன். இதையும் வடிகட்டினேன்.

'அடிப்பான்' என்று நீ எழுதியிருந்ததை நான் படிக்காமல் இல்லை. படித்தேன். அதை எடுத்தால் சுவர் மட்டும் நின்றது. அழகாக நின்றது. விட்டுவிட்டேன்.

தங்கை

மார்ச் 24

சுண்டெலிக்கு,

ஆமாம். எனக்குக் கோபம் வரும். டீ ஆறினாலும் வரும். உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியபோது வந்தது. நீ காலேஜுக்குக் கட்டிக்கொண்டு போக என் புதுப் புடவையைக் கேட்காமல் எடுத்தபோது வந்தது. ஒன்றையும் நான் தொலைக்கவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. கண்டக்டர்மேல் பட்டதும் கோபம்தான், அந்தப் பாவிமேல் பட்டதும் கோபம்தான். எனக்கு இருக்கிறது ஒரே வாய். எது பெரிசு, எது சின்னது என்று பார்த்துப் பிரிக்கத்தானே உன்னைப் படிக்கவைத்தார்கள்? உன் படிப்பு பிறகு எதற்கு?

இனிமேல் என் கண்ணை உனக்குக் கடன் தரமாட்டேன். இந்த ஊரில் நான் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒன்றும் எழுதமாட்டேன், கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை அவள் சம்மட்டியைத் தூக்குவாள். நான் தடுக்கப் போவதில்லை. போய் நின்று ஒரு பாட்டிலையாவது நானும் உடைக்கலாமென்றால், மகளுக்குக் காலில் இரும்பு விழுந்து வீங்கிக் கிடக்கிறது, பேத்தியைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் நீ போ. உன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போ. வழி முழுக்க வாந்தி எடு. 'நான் அங்கே நின்றேன்' என்று அச்சடித்தாயே, ஒரு தடவை அங்கே போய் நில். கண்ணைத் திறந்துகொண்டு.

அக்கா

மார்ச் 30

அக்கா,

வந்துவிட்டேன். அந்த அம்மா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், உட்கார்ந்திருப்பது சிமெண்ட் மூட்டைமேல்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைதான் கிடைத்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெயரில் எழுதுகிறேன். அது எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது: வாந்தி எடுக்க. பக்கத்து இருக்கைக்காரர் நடுவழியில் இடம் மாறிவிட்டார். கண்டக்டர் நிறுத்தம் தாண்டித்தான் இறக்கிவிட்டான். அதே ஆளாகத்தான் இருக்கவேண்டும். படுபாவி.

சனிக்கிழமை மதியம் நீலக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தாங்க அத எழுதினவ."

"கண்ண மூடிட்டு நின்னவளா?"

யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "ஆமா" என்றேன்.

"இப்போ தொறந்துட்டு நில்லு."

கதவைச் சாத்திவிட்டாள். நின்றேன். நிழல் இல்லாத தெரு அது, நீ எனக்கு எழுதவே இல்லை. இல்லை, எழுதியிருந்தாய், நான்தான் எடுத்துவிட்டேன். எதிர்வீட்டு பெஞ்சிலிருந்து சின்னத் தம்பி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் உள்ளே கூட்டிப்போய் விசிறியிருப்பான். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. "தேய்க்கறதுக்குச் சட்டி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். "உங்க அக்கா தேய்ச்சது இன்னும் பளபளன்னு கெடக்கு. உனக்கு ஒண்ணும் இல்ல. வந்து ஒக்காரு, விழுந்து கிழுந்து வெக்காத" என்றாள்.

அக்கா, வெயில் இறங்கியபோது அந்த அறை எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பச்சையும் பழுப்புமாக வெளிச்சம், தரையில், அவள் முழங்கையில், என் மடியில். அவள் முழங்கை எலும்பு உடைந்து, வளைந்தபடியே ஒட்டியிருக்கிறது. பழுப்பு வெளிச்சம் சரியாக அந்த வளைவில் விழுந்தது.  அவளே சொன்னாள்: "அழகாத்தான் இருக்கு. அதான் எனக்கு எரிச்சல். அழகா இருக்கணும்னு நான் கட்டல."

"மாத்தி எழுதறேன்" என்றேன். "இங்கயே எழுது. எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள். எழுதினேன். 'துன்புறுத்தினார்' என்று எழுதியிருந்தேன். "அது யாரு? எனக்குத் தெரியாதே. அடிச்சான்னு போடு" என்றாள். போட்டேன். 'நான் அங்கே போகவில்லை, பார்த்தது என் அக்கா' என்ற வரியையும் அவள்முன் வைத்தே எழுதினேன்.  "இது எதுக்கு?" என்று கேட்டாள். "இது நான் புதைச்சு வெச்ச பாட்டிலுங்க" என்றேன். முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

பத்திரிகைக்கு அனுப்பினாலும் ஞாயிறுக்குள் வராதே. அதனால் அவள் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிற பலகை ஒன்றை எடுத்துப் போட்டாள், கதவுக்கு அடித்த நீலப் பெயிண்டில் மிச்சம் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியது இது:

'இந்தச் சுவரில் உள்ள பாட்டில் எல்லாம் என் புருஷன் குடித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் அடி வாங்கினேன். நின்று பார்க்கலாம். அழகு என்று சொல்லக்கூடாது.'

ஞாயிறு காலை கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் நின்றாள். இஸ்திரிச் சட்டை போட்டுத் தம்பிகள் வந்தார்கள். நகராட்சிக்காரர் கல்வெட்டோடு வண்டியிலிருந்து இறங்கி, பலகையைப் படித்தார். திரும்பப் படித்தார். பெரிய தம்பி, "அண்ணிக்கு மனசு சரியில்லீங்க" என்று பலகையைக் கழற்றக் கை வைத்தான்.

அப்போதுதான் காற்று வந்தது. உன்னிடம் இதைக் கேட்கவேண்டும், நீ ஏன் எழுதவே இல்லை? தெருவில் காற்று வீசினால் அந்தச் சுவர் ஊதுகிறது, அக்கா. அத்தனை பாட்டில் வாயும். அடித்தொண்டையில், ஊ என்று. நகராட்சிக்காரர் பயந்துபோய், "என்னம்மா சத்தம்?" என்றார். அவள் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க அண்ணன்தான் கூப்பிடறாரு. போய்ப் பேசிட்டு வா."

கல்வெட்டு வண்டியிலேயே திரும்பிப் போனது. தம்பிகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். படம் எடுக்க வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கலைந்தார்கள். ஒரே ஒரு பெண் போகவில்லை. நல்ல உடை, கையில் பை. வெகுநேரம் நின்றுவிட்டுக் கதவருகே வந்து மெல்லக் கேட்டாள்:

"சுவத்துல இன்னும் எடம் இருக்குங்களா?"

அந்த அம்மா சம்மட்டியைக் கீழே வைத்தாள். "இருக்கு. கொண்டா" என்றாள்.

தங்கை

ஏப்ரல் 19

சுண்டெலிக்கு,

பல் பிடுங்கியாயிற்று. மகள் கால் தேவலை. ஆசிரியருக்குக் காட்டாமல் நீயே அச்சுக்குக் கொடுத்து, எனக்கு அனுப்பிய பத்திரிகை வந்தது. முதல் தடவையாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாய், அதையும் குறித்து வைத்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நாலாம் வகுப்பு வரை படித்த என் அக்கா' என்று போட்டிருக்கிறாய். ஐந்தாவதில் பாதிவரை போனேன். வாய்ப்பாடு ஒப்பித்து டீச்சரிடம் பென்சில் வாங்கினேன். உண்மை எழுத உட்கார்ந்தவள் அதையும் சேர்த்துக் கேட்டிருக்கக்கூடாதா?

சுவர் ஊதுகிறதை நான் எழுதவில்லை என்று குறை சொல்கிறாய். பொன்னுக்கு வீங்கி வந்து எனக்கு இடது காது போனது உனக்குத் தெரியாதா? எனக்கு அந்த நோய் வந்ததே உன்னிடமிருந்து. அந்தக் காது சுவர்ப்பக்கம் இருந்தது. அவ்வளவுதான். நீ கேட்டது உன்னுடையது, வைத்துக்கொள்.

பக்கத்தை நிறுத்திவிட்டார்கள், புத்தகமும் இல்லை என்று எழுதியிருந்தாய். பொய் எழுதிய காலமெல்லாம் உன் தோளில் பை மாட்டிப் படம் பிடித்தவர்கள், உண்மை எழுதிய வாரம் கதவைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆசிரியர் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த மாசம் மகளுக்குத் துறைமுக ஊரில் வேலை. உயரமான கட்டடமாம், வருஷக் கணக்கில் இருக்கவேண்டி வரலாம். நீ அங்கே வந்துவிடு. பஸ்ஸில் நடுவில் உட்கார், குலுங்காது. ஜன்னலோரம் எனக்கு. நீ பார்த்ததை நீ எழுது, நான் பார்த்ததை நான் சொல்கிறேன். போட ஆள் இல்லையென்றால் போகட்டும், ஒரு சாரப் பலகையில் எழுதித் தெருவில் மாட்டுவோம்.

என் கோபத்தில் எது சின்னது, எது பெரிசு என்று தெரியவில்லை என்றாயே. யோசித்துப் பார்த்தேன். இனிமேல் அடியில் கோடு போட்டு எழுதுகிறேன், கோபம் பெரிசானால் கோடும் கூடும். பிழை திருத்தின கை உனக்கு, கோடு புரியும்.

இன்றைக்கு மகள் கொடுத்த டீயில் சர்க்கரையே இல்லை. கோடு கிடையாது.

அந்த ஆசிரியர் நாசமாய்ப் போக. ஒரு கோடு.

பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்று சொல்லிச் சொல்லியே, இத்தனை வருஷம் ஒரு ஊரும் பார்க்கவிடாமல் உன்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அம்மாவா, அப்பாவா, இடுப்பிலிருந்து உன்னை இறக்காமல் வைத்திருந்த நானா, யார்மேல் இந்தக் கோபம் என்று தெரியவில்லை. பேனா அழுந்திக் காகிதம் கிழிகிற அளவுக்கு, இரண்டு கோடு.

அக்கா